நடுங்காத கை

கை மடியில் கிடக்கிறது. வலது கை, ஐந்து விரலும் விரித்து, சேலையின் பச்சைப் பூக்களின் மேல். அசையவில்லை. மின்விசிறிக்குச் சேலைத் தலைப்பு ஆடுகிறது, டோக்கன் சீட்டு ஆடுகிறது, எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மாளின் காதுத் தொங்கட்டான்கூட ஆடுகிறது, கை மட்டும் ஆடவில்லை. நடுவில் கொஞ்ச நாள் நின்றதைத் தவிர, நாலு வருஷமாக ஆடின கை இது. காப்பி டம்ளரைப் பிடித்தால் காப்பி தளும்பிச் சேலையில் கொட்டும், பேங்க்கில் கையெழுத்துப் போட்டால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர் பழைய கையெழுத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார், கோயிலில் விபூதி வாங்கினால் பாதி தரைக்குப் போகும். ஒரு வாரமாகச் சமர்த்தாகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டும், வரவில்லை. பயமாவது வர வேண்டும், அதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகுமே, அப்படி உள்ளே எங்கேயோ ஓர் இடம் தடித்துக் கிடக்கிறது, தொட்டால் தொட்டது தெரிகிறது, வலிக்கவில்லை. இடது கைக்குள் மாத்திரை இருக்கிறது. காலை எட்டு மணி மாத்திரை. ரத்தம் கொடுத்த பிறகுதான் விழுங்கணும், அதுதான் இங்கே சட்டம். இரவு எட்டுக்கு ஒன்று, காலை எட்டுக்கு ஒன்று, நடுவில் பன்னிரண்டு மணி நேரத்தில் மருந்து ரத்தத்தில் எந்த மட்டுக்கு வற்றியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம், அதனால் காலை மாத்திரைக்கு முன்னால் ஊசி குத்துவார்கள். நான் ஒரு வாரமாக இரவு மாத்திரை போடவில்லை. அக்காவுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது. இன்றைக்கு ரத்தம் போய்ச் சொல்லிவிடும். சொன்னால் சொல்லட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது, அடுத்த நிமிஷம் சொல்லக் கூடாது என்று தோன்றுகிறது, இரண்டையும் வேறு யாரோ நினைக்கிற மாதிரி இருக்கிறது, நான் டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதாம், எல்லாருக்கும் தாமதம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

பக்கத்தில் அக்கா. ஜெயக்கொடி என்று அப்பா பேர் வைத்தார், கட்சிக்காரர். அக்காவின் மடியில் மஞ்சப்பை, பைக்குள் கல்யாணப் பத்திரிகை. கௌசிகாவுக்கு வெள்ளிக்கிழமை முகூர்த்தம். விருதுநகரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் ஏறினதிலிருந்து மதுரை வரைக்கும் அக்கா வாய் ஓயவில்லை. மண்டபத்துக்காரன் ஜெனரேட்டருக்குத் தனியாகக் கேட்கிறான், அத்தான் தவில்காரரிடம் சொல்லிவிட்டாரா இல்லையா என்று தெரியவில்லை, சம்பந்தியம்மா சிரிக்கிறாளே தவிர மனசில் இருப்பதைச் சொல்ல மாட்டேன் என்கிறாள். "டாக்டருக்கு ரோஜாப்பூ போட்டதக் குடுப்பமா, பிள்ளையார் போட்டதா?" என்று இப்போதும் கேட்கிறாள். "பிள்ளையார்," என்றேன். "அவரு கிறிஸ்டியன்ல புஷ்பம்." "அப்ப ரோஜா." "நீ என்ன, எதைச் சொன்னாலும் சரிங்குற. பசிக்குதா?" "இல்லக்கா." "பசிக்கும். ரத்தத்தக் குடுத்துட்டு மாத்திரையப் போட்டுட்டு சாப்பிட்டுரு. இட்லியில எண்ணெய் தடவி வச்சிருக்கேன்." பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறாள், விரல் நுனியில் இன்னும் மஞ்சள் இருக்கிறது, அந்த விரலால் என் டோக்கனை வாங்கிப் பார்த்ததில் டோக்கனுக்கும் மஞ்சள் வந்துவிட்டது. இந்தப் பொம்பளையின் ஒரு சிறுநீரகம் என் வலது அடிவயிற்றில் இருக்கிறது. சேலைக் கொசுவத்துக்குப் பக்கத்தில், தோலுக்கு அடியிலேயே, கை வைத்தால் ஒரு மேடு தெரியும். அதை நான் தொடுவதே இல்லை. குளிக்கும்போது சோப்பு அந்தப் பக்கம் போனால் கை தானாகச் சுற்றிக்கொண்டு போகும். பயம் என்று சொல்ல முடியாது, கூச்சம்தான். அடுத்தவர் வீட்டு ஆளைத் தெரியாமல் இடித்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம்.

அடுத்தவர் என்கிறேன் பார். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே பாவாடையை அவள் போட்டுக் கிழித்தபின் நான் போட்டு, ஒரே பாயில் காலை மேலே போட்டுத் தூங்கினவர்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும், என் உடம்புக்குத் தெரியாது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி ஒரு தாளைத் திருப்பிப்போட்டு வட்டம் போட்டுக் காட்டினாள். இதுதான் வெள்ளணு. ஊருக்குள் புதிதாக யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிற ஜாதி. சந்தேகம் வந்தால் இதற்குள் கால்சியம் ஏறும், அது ஏறினால் கால்சிநியூரின் என்று ஒருத்தன் விழித்துக்கொள்வான், விழித்தவன் நேரே உள்ளே ஓடிப்போய் மணியை அடிப்பான், அந்த மணிச் சத்தத்துக்கு ஆயிரம் வெள்ளணு பிறந்து கிளம்பிவந்து புது சிறுநீரகத்தைத் தின்றுவிடும். இந்த மாத்திரை யாரையும் அடிக்காது, கொல்லாது, மணி அடிக்கப் போகிறவன் கையைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்றாள். எவ்வளவு நாளைக்குப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்டேன். பன்னிரண்டு மணி நேரம் என்றாள். அதற்குப் பிறகு? அடுத்த மாத்திரை. எத்தனை வருஷத்துக்கு? அவள் பேனாவை மூடினாள். அக்கா உள்ளே இருக்கிறவரைக்கும் என்றாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த மணிக்காரன் வெள்ளணுவில் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க வெவ்வேறு வேலையில் இருக்கிறான். நரம்பில் இருக்கிறான், அங்கேயும் அவன் கையைப் பிடித்தால் என் கை நடுங்கும், பாதத்தில் எறும்பு ஊரும், தலை வலிக்கும். கணையத்தில் இருக்கிறான், அதனால் எனக்கு இப்போது சர்க்கரை. பிரஷர். சீப்பில் கொத்தாக முடி. போதாததற்கு இந்த மாத்திரையே சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தக் குழாயையும் சுருக்குமாம். மருந்து கூடினால் மருந்தே கெடுக்கும், குறைந்தால் என் உடம்பு கெடுக்கும், நடுவில் மெல்லிசாக ஒரு கோடு, அதன் மேல் அக்கா நிற்கிறாள். பம்ளிமாஸ் பழம் தின்னக் கூடாது, தின்றால் மருந்து ரத்தத்தில் எகிறிவிடும். பம்ளிமாஸுக்கு நான் ஆசைப்பட்டதே கிடையாது, கூடாது என்றபிறகு பழக்கடையில் அது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

நடுக்கம் தாங்க முடியவில்லை என்று முதல் வருஷம் நான் அழுததைப் பார்த்து மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். இதன் பேர் டாக்ரோலிமஸ், மாற்றினது சைக்ளோஸ்போரின். அதுவும் அதே மணிக்காரனின் கையைத்தான் பிடிக்கும், ஆனால் வேறு பக்கமாக நின்றுகொண்டு பிடிக்கும் போலிருக்கிறது. கை நின்றது. மீசை முளைத்தது. மேலுதட்டில், தாடையில், காதோரத்தில், நெற்றியில் புருவத்தையும் முடியையும் சேர்த்து வைத்து மெத்தென்று. ஈறு வீங்கிப் பல்லுக்கு மேலே ஏறியது. நான் வைத்திருக்கிறது பியூட்டி பார்லர். புஷ்பம் பியூட்டி பார்லர், பெண்களுக்கு மட்டும், தெப்பக்குளத்துக்குப் பின்னால் மாடியில். மீசை வைத்த பார்லர்க்காரியிடம் யார் உதட்டு முடி எடுக்க வருவார்கள். காலையில் கடை திறக்கும் முன்னால் கண்ணாடி முன் உட்கார்ந்து, நூலைக் கழுத்தில் மாட்டி, பல்லில் கடித்து, என் முகத்தை நானே உழுவேன், சாயங்காலம் மறுபடியும் பச்சையாக நிழல் தட்டும். டீச்சர் ஒருத்தி திரெட்டிங்குக்கு உட்கார்ந்தவள், கண்ணை மூடாமல் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு வரவில்லை. மாத்திரையைப் பழையபடி மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். மீசை போனது, கை ஆட ஆரம்பித்தது. ஒன்று கொடுத்தால் ஒன்று எடுக்கிறார்கள், எதை வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டால் நான் கையைச் சொல்லியிருப்பேன், மீசையோடு இருந்திருப்பேன், ஆனால் பார்லருக்கு முகமும் வேண்டியிருக்கிறதே. அப்புறம்தான் அந்த அல்லம்பட்டிப் பெண். கல்யாணப் பெண். கண்ணுக்கு மை இழுக்கிறேன், கண்ணோரத்தில் ஒரு வால் விட வேண்டும், ஒரே இழுப்பு, இரண்டாவது இழுப்பு கிடையாது. வால் பாம்பு மாதிரி நெளிந்து போனது. துடைத்து மறுபடி இழுத்தேன். மறுபடி துடைத்தேன். கண் சிவந்து தண்ணீர் வர ஆரம்பித்தது, வெளியே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா என் கையிலிருந்து மைக்குச்சியை வாங்கி மேஜை மேல் வைத்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து ஃபேஷியல், தலைக்கு எண்ணெய், மருதாணிப் பவுடர் கரைப்பது. கல்யாணப் பெண் யாரையும் தொட்டதில்லை.

கௌசிகாதான் ஆரம்பித்தாள். மதுரையிலிருந்து பெரிய ஆள் ஒருத்தியைப் பேசலாம் என்று அத்தான் சொன்னபோது, "சித்தி இருக்கும்போது எதுக்குப்பா, என் மூஞ்சிய சித்திதான் தொடணும்," என்றாள். குழந்தைக்கு இருபத்து நாலு வயசு, கணக்கில் எம்.எஸ்ஸி., இது தெரிய வேண்டாமா. "ஏ கழுதை, கை நடுங்கும்டி," என்றேன். "நடுங்கட்டும், கோணலா இருந்தா கோணலா இருக்கட்டும்." அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "நீதான் பண்ணணும் புஷ்பம். வேற ஒருத்தி தொடக் கூடாது," என்றாள். எனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த இரண்டாவது மாசம் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். அதற்குப் பிறகு என்னை ஒரு ஆளாக வைத்து ஒரு வேலை சொன்னது அந்த வீட்டில்தான். அவளுக்கு நான் என்ன செய்தேன், அவள் வயிற்றைக் கிழித்து எடுத்துக்கொண்டதைத் தவிர. பிறகு ஒருநாள் அசதியில் இரவு மாத்திரை போடாமலே தூங்கிவிட்டேன், தெரியாமல்தான், சத்தியமாகத் தெரியாமல்தான். மறுநாள் நூல் பிடித்தபோது விரல் கொஞ்சம் சொன்ன பேச்சுக் கேட்டது. அடுத்த இரவு டப்பாவைத் திறந்து, மாத்திரையைப் பார்த்து, டப்பாவை மூடினேன். அது தெரிந்துதான். அதற்கடுத்த இரவும். நேற்று கௌசிகாவை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன், மையை எடுத்து, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பு, வால் கத்தி மாதிரி நின்றது. அக்கா வாயில் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள். கல்யாணம் முடியட்டும், வெள்ளிக்கிழமை முடியட்டும், அன்றைக்கு ராத்திரியிலிருந்து ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டேன். சாமியிடமா என்று தெரியவில்லை. வயிற்றுக்குள் இருக்கிறதிடம் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். இன்றைக்கு டெஸ்ட் இருப்பதை மறந்தேனா, மறந்த மாதிரி இருந்தேனா, அதுவும் தெரியவில்லை.

"வார்டுல அந்த எமிலி சிஸ்டருக்கு ஒண்ணு குடுத்துட்டு வந்துர்றேன். ஆபரேஷனப்ப எனக்குக் கஞ்சி ஊட்டிவிட்ட பிள்ள," என்று அக்கா எழுந்தாள். எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள், கேட்டால் வாயு என்பாள். அவள் லிஃப்டுக்குப் பக்கத்தில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். டோக்கன் பாதிகூட வரவில்லை, இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். இப்போது விழுங்கினால் ஊசி குத்துகிற நேரத்துக்கு மருந்து ரத்தத்தில் ஏறி நிற்கும். லெவல் நன்றாக இருக்கும். டாக்டர் ரோஜாப்பூப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு சிரிப்பார், யாருக்கும் ஒன்றும் தெரியாது, வெள்ளிக்கிழமை வரும், போகும். விழுங்காவிட்டால் லெவல் தரையில் கிடக்கும், என்னம்மா என்பார், அக்கா பக்கத்தில் இருப்பாள். கை வாய்க்குப் போனது. நான் அனுப்பினேனா என்றால் தெரியாது, அது போனது, நடுங்காமல் போனது. தண்ணீர் அக்கா பையில் இருக்கிறது, பை அக்காவோடு போய்விட்டது. எச்சிலைக் கூட்டி விழுங்கினேன். நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இறங்கவும் இல்லை, வரவும் இல்லை, இன்னொரு தடவை விழுங்குகிறேன், அங்கேயே இருக்கிறது. செய்துவிட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைப்பும் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"என்னம்மா, மாத்திரையா?" பக்கத்து நாற்காலிக்காரர். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தார். இரண்டு மூன்று தடவை இங்கேயே பார்த்திருக்கிறேன், சாத்தூர், சீனிராஜ் என்று பேர், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், இன்னும் சீட்டை நாலாக மடித்து விரலிடுக்கில் வைத்துக்கொள்கிறவர். "வைட்டமின்," என்றேன். "அதுன்னா பரவால்ல. எட்டு மணி மாத்திரையோன்னு பதறிட்டேன்." சிரித்தார். பதறின முகமாக இல்லை. "எனக்கு இது ரெண்டாவது கிட்னி, தெரியுமாம்மா? மொதல்ல வச்சது என் வீட்டுக்காரி குடுத்தது. ஒருநா பஸ்ஸு லேட்டு. எட்டு தாண்டிருச்சு. நேரத்துக்குப் போடணும்னு சொல்லிருக்காகளேன்னு திருமங்கலம் தாண்டும்போதே வாயில போட்டுக்கிட்டேன். இங்க வந்தா கூட்டம்னா கூட்டம். கையை நீட்டுனேன், எடுத்தாக, அவுகளும் கேக்கல, நானும் சொல்லல. சாயங்காலம் பாத்தா மருந்து கூடிப்போச்சுங்குறாக. கிரியாட்டினினும் லேசா ஏறிருந்துச்சு. மருந்து கூடுனதாலதான் கிட்னி கெடுது, மாத்திரையக் குறைங்கன்னுட்டாக. அவுக மேல தப்பில்லம்மா, ரத்தம் அப்பிடிச் சொல்லுது. குறைச்சேன். நெசத்துல எனக்கு மருந்து பத்தாம இருந்துருக்கு. அதப் போயிக் குறைச்சா?" கையை விரித்துக் காட்டினார், அவர் கையும் ஆடியது, எல்லார் கையும் இங்கே ஆடுகிறது. "அப்புறம்?" என்றேன். "அப்புறம் என்ன. போச்சு. இப்ப இருக்கறது யாரோ ஆக்சிடென்ட்டுல போன பையனோடது. வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல. பெட்டுல கெடக்கும்போது கேட்டா, அத எடுத்து என்ன பண்ணுவாங்க, நம்மகிட்டக் குடுப்பாகளான்னு. அது ஒண்ணுதான் கேட்டா."

கிரியாட்டினின். சிறுநீரகம் சரியாக வடிக்காவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவு. போன மாசம் எனக்கும் லேசாக ஏறியிருந்தது. டாக்டர் அதற்குக் கீழே கோடு போட்டார், தண்ணி நிறையக் குடிங்க, அடுத்த தடவை பார்ப்போம் என்றார், அந்த அடுத்த தடவை இதுதான். இந்த ஒரு வாரத்தில் இன்னும் ஏறியிருக்கும். லெவலை நான் ஏற்றிவிட்டேன். கிரியாட்டினினும் ஏறி, லெவலும் ஏறியிருந்தால் குறைக்கச் சொல்வார். குறைத்தால். இங்கே வந்து நினைப்பு நிற்கிறது, பஸ் நிற்கிற மாதிரி நின்று, ஆள் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் மறுபடி முதலிலிருந்து கிளம்புகிறது. கிரியாட்டினின் ஏறியிருக்கும், லெவல் ஏறியிருக்கும், குறைக்கச் சொல்வார். சொல்லிவிடலாம். சிஸ்டர், மாத்திரை போட்டுவிட்டேன், நாளைக்கு வருகிறேன். நாளைக்குப் பந்தக்கால். ஏன் போட்டாய் என்பார்கள். மறந்துபோய். சரி, நாளை மறுநாள் வா. நாளை மறுநாள் வரைக்கும் இரவு மாத்திரை போட்டால் கை ஆடும், போடாவிட்டால் லெவல் கிடக்கும், எப்படிச் சுற்றினாலும் அதே தெருமுனைக்கு வந்து நிற்கிறேன். பாத்ரூமுக்குப் போய் விரலை விட்டு வாந்தி எடுக்கலாம். எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. கௌசிகாவின் இமையை நேற்று விரலால் இழுத்துப் பிடித்திருந்தபோது உள்ளே கண்விழி உருண்டது, குஞ்சு மாதிரி சூடாக, விரலுக்கு அது தெரிந்தது, ரொம்ப நாளுக்குப் பிறகு விரலுக்கு ஒன்று தெரிந்தது. அதற்காகத்தானா. அக்கா கொடுத்ததைப் பணயம் வைத்து அக்கா மகளின் கண்ணுக்கு ஒரு வால். இதை யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள், எனக்கே அப்படித்தான் படுகிறது, ஆனால் எனக்குப் பைத்தியம் மாதிரியும் இல்லை, கணக்குப் போட்ட மாதிரியும் இல்லை, உள்ளங்கால் மரத்து நிற்கும்போது தரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு அடி வைப்போமே, அப்படி வைத்துவிட்டேன். அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். மேடு இருந்தது. சேலைக்கு மேலேதான் தொட்டேன். வலிக்கிறதா என்று அழுத்தினேன். லேசாக வலித்தது. நேற்றும் வலித்ததா, நான் பார்க்கவில்லையா. தொண்டையில் ஒட்டியிருந்தது எப்போது இறங்கினது என்று கவனிக்கவில்லை, இப்போது இல்லை, கசப்பு மட்டும் இருந்தது.

அக்கா வந்துவிட்டாள். எமிலி சிஸ்டருக்குக் கல்யாணமாகி இரட்டைப் பிள்ளையாம், கட்டாயம் வருகிறேன் என்றாளாம், அக்காவின் தழும்பு எப்படி இருக்கிறது என்றும் கேட்டாளாம். சீனிராஜுக்கும் ஒரு பத்திரிகை கொடுத்தாள், முன்பின் தெரியாதவர்தான், அக்காவுக்கு அதெல்லாம் கிடையாது. அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கி, பேர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். என் பேரைக் கூப்பிட்டார்கள். தங்கபுஷ்பம், தங்கபுஷ்பம் யாரு. அக்கா எனக்கு முன்னால் எழுந்து போனாள். திரைக்குப் பின்னால் லூர்து சிஸ்டர் இருந்தாள், நாலு வருஷமாக என் ரத்தத்தை எடுக்கிறவள், ரப்பர்ப் பட்டையைக் கட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமலே, "காலை மாத்திரை போடலேல்ல?" என்றாள். வாயைத் திறந்தேன். திறந்தது தெரியும். "போடல சிஸ்டர்," என்றாள் அக்கா. "காலைலருந்து என் கண்ணு முன்னாடிதான் இருக்கா. பச்சத்தண்ணி பல்லுல படல." அவள் குரலில் அவ்வளவு நிச்சயம் இருந்தது, ஒரு நொடி நானே நம்பினேன். போட்டிருக்க மாட்டேன், அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். வாயை மூடினேன். சிஸ்டர் வழக்கம் போல என் மணிக்கட்டைத் தன் முழங்கையால் அழுத்திப் பிடித்தாள், என் கை ஆடி ஆடி அவளுக்கு அது பழக்கமாகிவிட்டது. பிடித்தவள் பிடியைத் தளர்த்தினாள். கையை விட்டுவிட்டு, ஊசியைப் பிடித்தபடி, அந்தக் கையையே பார்த்தாள். அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா சிஸ்டர்? நின்னுருச்சு. ஒரு வாரமா ஒரு பொட்டு ஆட்டமில்ல. நேத்து என் மவளுக்கு மை போட்டா பாருங்க, அப்பிடி ஒரு கோடு. வெள்ளிக்கிழமை இவதான் பண்ணப் போறா." சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தாள். என்னிடம்தான், ரொம்ப மெதுவாக, "ராத்திரி மாத்திரை?" என்றாள்.

வெளியே அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள், யாரும் வரவில்லை, மறுபடி கூப்பிட்டார்கள். நான் ரப்பர்ப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே நரம்பு நீலமாகப் புடைத்திருந்தது. அக்கா முதலில் சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று என்னைப் பார்த்தாள், பிறகு தட்டில் கிடந்த ஊசியைப் பார்த்தாள். அக்கா எட்டாம் வகுப்பு. ஆனால் நாலு வருஷமாக டாக்டர் சொன்னதெல்லாம் என்னைவிட அவள் காதில்தான் விழுந்திருக்கிறது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதை எடுத்து வைக்க மறந்துவிட்டாள். மஞ்சப்பை அவள் கையிலிருந்து நழுவி பத்திரிகைகள் தரையில் விழுந்தன, குனியவில்லை. என் கையைத் தூக்கினாள். மேஜையிலிருந்து எடுத்து, விரல்களைப் பிரித்து, முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். என் கை அவள் கைக்குள் அசையாமல் நின்றது. எனக்குத் தெரிந்தது, இப்போது ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது, நடுங்குவது அவள் கைதான்.

"நடுங்குடி," என்றாள் அக்கா. "புஷ்பம். கொஞ்சம் நடுங்குடி."